சுவையை அளக்க முடியுமா?
இங்கிலாந்தின் பழுப்பு ஏல் சொல்லும் அறிவியல்

மேசையின் நீளத்தை அளக்க அளவுகோல் இருக்கிறது. அரிசியின் எடையை அறியத் தராசு இருக்கிறது. காய்ச்சல் எவ்வளவு என்று பார்க்க வெப்பமானி இருக்கிறது. ஆனால் ஒரு பானத்தின் சுவையை அளக்க என்ன கருவி இருக்கிறது? “நாக்குதான் இருக்கிறதே!” என்பீர்கள். சரி, உங்கள் நாக்கு ‘நன்று’ என்கிறது. என் நாக்கு ‘நன்றன்று’ என்கிறது. யாருடைய நாக்கை நம்புவது?

வேடிக்கையாகத் தோன்றும் இந்தக் கேள்வி, பானங்களைத் தயாரிக்கும் ஆலைகளுக்கு வாழ்வா சாவா என்னும் கேள்வி. பல்லாயிரம் லிட்டர் கொண்ட ஒரு தொட்டியை விற்பனைக்கு அனுப்புவதா, சாக்கடையில் கொட்டுவதா என்று யாரோ ஒருவர் சுவைத்துப் பார்த்துத்தான் முடிவு சொல்ல வேண்டியிருக்கிறது. அந்த முடிவு எவ்வளவு நம்பத்தக்கது? இதற்கு விடை காண முயன்றவர்களுள் முன்னணியில் நின்றவர்கள் பீர் ஆலைகளில் பணியாற்றிய அறிவியலார். ஆகவே, இங்கிலாந்தின் பழைய பீர் வகைகளுள் ஒன்றான ‘பழுப்பு ஏல்’ என்பதை எடுத்துக்கொண்டு, அதை எவ்வாறு சுவைத்து மதிப்பிடுகிறார்கள் என்று காண்போம்.

மாணவர்கள் படிக்கும் இதழில் மது பானத்தைப் பற்றிய கட்டுரையா என்று சிலர் முகம் சுளிக்கலாம். குடிக்கத் தூண்டுவது நம் நோக்கமன்று. மது பானங்கள் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 1988-லேயே வகைப்படுத்திவிட்டது. நம் நோக்கம் அளவீட்டைக் கற்பது. அதற்குப் பழுப்பு ஏல் போல வசதியான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

பழுப்பு ஏல் என்றால் என்ன?

பார்லியை நீரில் ஊறவைத்து முளைக்கவிட்டு, முளை விட்டதும் சூளையில் உலர்த்தினால் கிடைப்பது மால்ட். மால்ட்டை நொறுக்கி வெந்நீரில் ஊறவைத்தால், அதிலுள்ள நொதிகள் மாவுப்பொருளைச் சர்க்கரையாக மாற்றுகின்றன. அந்த இனிப்புச் சாற்றை வடித்து, ஹாப்ஸ் என்னும் கொடியின் பூக்காய்களைச் சேர்த்துக் கொதிக்கவைப்பார்கள். ஹாப்ஸ்தான் கசப்பைத் தருவது. சாறு ஆறியபின் ஈஸ்ட் சேர்த்தால், சர்க்கரை ஆல்கஹாலாகவும் கரியமில வாயுவாகவும் பிரிகிறது. ஏறத்தாழ 20 டிகிரி செல்சியஸில், பெரும்பாலும் மேலே மிதந்து வரும் ஈஸ்டினால் நொதிக்கப்படும் பீருக்கு ஏல் என்று பெயர்.

இதில் பழுப்பு நிறமும் வறுத்த பருப்பின் மணமும் சிறிது இனிப்பும் கொண்டது பழுப்பு ஏல். லண்டனில் மான்ஸ் ஆலையார் 1902-ல் இனிப்பு மிகுந்த ஒரு பழுப்பு ஏலைப் புட்டியில் அடைத்து விற்கத் தொடங்கினார்கள். வடகிழக்கே நியூகாசில் நகரில் ஜிம் போர்ட்டர் என்பவர் உருவாக்கிய நியூகாசில் பழுப்பு ஏல் 1927-ல் விற்பனைக்கு வந்தது. அது சற்றே வலுவானது, இனிப்புக் குறைந்தது. ‘பருப்புப் பழுப்பு’ என்று பெயர் சூட்டிய ஏல்களும் உண்டு. பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம். அவற்றில் பருப்பு எதுவும் பொதுவாகச் சேர்ப்பதில்லை. நிறமும் மணமுமே அப்பெயருக்குக் காரணம்.

இனி, ஒரு சுவைஞர் தம் முன் வைத்த கோப்பையை எந்த வரிசையில் ஆராய்கிறார் என்று பார்ப்போம். முதலில் கண், அடுத்து மூக்கு, அதன் பிறகே நாக்கு.

நிறத்தின் கதை

கோப்பையை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடிக்கிறார் சுவைஞர். நடுவில் ஆழ்ந்த பழுப்பு. ஓரத்தில் செம்பு நிறம். ஒரே திரவம் இரண்டு நிறமாகத் தெரிவது ஏன்?

இதற்கு விடை சொல்வது, ஒளி உட்கவர்தல் பற்றிய பீர்–லாம்பர்ட் விதி. இவ்விதியை வகுப்பில் சொல்லும்போதெல்லாம் மாணவர்கள் சிரிப்பார்கள். இங்கே பீர் என்பது பானமன்று. 1852-ல் தம் ஆய்வை வெளியிட்ட ஜெர்மானியரான ஆகஸ்ட் பீர் என்பவரின் பெயர். ஆயினும் அவ்விதி அவர் பெயரைக் கொண்ட பானத்துக்கும் பொருந்துகிறது!

ஐரோப்பிய ஆலைகளில் வழங்கும் முறைப்படி, 430 நானோமீட்டர் அலைநீளமுள்ள ஊதா ஒளியை 1 சென்டிமீட்டர் தடிப்புள்ள பீரின் வழியே செலுத்தி, உட்கவர்வு எண்ணைக் கண்டு, அதை 25-ஆல் பெருக்குகிறார்கள். பெருக்கி வருவதே நிற எண். இங்கிலாந்துப் பழுப்பு ஏலின் நிற எண் ஏறத்தாழ 24-லிருந்து 43 வரை இருக்கும். நிற எண் 25 என்று கொள்வோம். அப்படியானால் உட்கவர்வு எண் 1. அதாவது, 1 சென்டிமீட்டர் பீரைக் கடந்ததும் ஊதா ஒளியில் பத்தில் ஒரு பங்கே எஞ்சுகிறது. 2 சென்டிமீட்டர் கடந்தால் நூறில் ஒரு பங்கு. 8 சென்டிமீட்டர் அகலமுள்ள கோப்பையின் நடுவே கடந்தால் பத்துக் கோடியில் ஒரு பங்கு! சிவப்பு ஒளி இந்த அளவுக்கு விழுங்கப்படுவதில்லை. எனவே மெல்லிய ஓரத்தில் செம்பு நிறமும், தடித்த நடுவில் இருண்ட பழுப்பும் தெரிகின்றன. ஒல்லியான கோப்பையில் பார்த்தவரும் அகலமான கோப்பையில் பார்த்தவரும் நிறத்தைப் பற்றிச் சண்டையிட்டால் இருவருமே குற்றவாளிகள் அல்லர். கோப்பைதான் குற்றவாளி. ஆகவே ஒப்பிடும்போது எல்லாக் கோப்பைகளும் ஒரே வடிவில் இருக்க வேண்டும் என்பது முதல் விதி.

நிறத்தை அளக்க வேண்டும் என்ற எண்ணமே ஒரு பீர் ஆலையில்தான் வேரூன்றியது. ஆலைக் குடும்பத்தைச் சேர்ந்த ஜோசப் லவிபாண்ட் என்னும் ஆங்கிலேயர், வண்ணக் கண்ணாடித் துண்டுகளைப் பீருடன் ஒப்பிட்டு நிறத்தை எண்ணால் குறிக்கும் கருவியை அமைத்தார். அதைச் செய்து விற்க 1885-ல் ஒரு நிறுவனமும் தொடங்கினார். மால்ட்டின் நிறத்தை இன்றும் ‘லவிபாண்ட் டிகிரி’ என்றே குறிப்பிடுகிறார்கள்.

இந்தப் பழுப்பு எங்கிருந்து வருகிறது? மால்ட்டைச் சூடேற்றும்போது அதிலுள்ள சர்க்கரைகளும் அமினோ அமிலங்களும் வினைபுரிந்து பழுப்புப் பொருள்களையும் மணப் பொருள்களையும் தோற்றுவிக்கின்றன. 1912-ல் பிரெஞ்சு அறிவியலார் லூயி கமில் மய்யார் இவ்வினையை விளக்கினார். ரொட்டியின் மேல்தோல் சிவப்பதும், காப்பிக்கொட்டை வறுபடும்போது மணப்பதும் பெரும்பாலும் இவ்வினையால்தான். பழுப்பு ஏலில் ரொட்டி, வறுத்த பருப்பு ஆகியவற்றின் மணம் வீசுவதில் வியப்பென்ன?

கருவி மாற்றிய பானம்

இங்கே ஒரு சுவையான வரலாறு இருக்கிறது. அளக்கும் கருவி ஒன்று, அளக்கப்படும் பொருளையே மாற்றிவிட்ட வரலாறு அது.

பதினெட்டாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் கரும்பழுப்புப் பீர்களுக்குப் பழுப்பு மால்ட்டையே பெரிதும் பயன்படுத்தினார்கள். விறகுத் தீயில் உலர்த்திய அது, வெளிர் மால்ட்டைவிட விலை குறைவு. ஆகவே இலாபம் என்று நம்பினார்கள். அப்போது ஆலைக்குள் நீரடர்த்திமானி நுழைந்தது. திரவத்தில் மிதக்கவிட்டால் அடர்த்திக்கு ஏற்ப உயர்ந்தோ தாழ்ந்தோ நிற்கும் கண்ணாடிக் குழாயைப் பள்ளி ஆய்வகத்தில் பார்த்திருப்பீர்கள். ஆர்க்கிமிடிஸ் தத்துவமே அதன் அடிப்படை. ஜான் ரிச்சர்ட்சன் என்பவர் 1784-ல் வெளியிட்ட நூலில், பீர் தயாரிப்பில் இக்கருவியைப் பயன்படுத்தும் முறையை விரிவாக விளக்கினார்.

சாற்றை அளந்து பார்த்தவர்கள் திடுக்கிட்டார்கள். விலை குறைந்த பழுப்பு மால்ட்டிலிருந்து கிடைக்கும் சர்க்கரை, வெளிர் மால்ட்டிலிருந்து கிடைப்பதைவிட மிகவும் குறைவு! சூளையின் கடுஞ்சூட்டில் நொதிகள் அழிந்துபோனதே காரணம். சர்க்கரைக்கு விலை போட்டுப் பார்த்தால் வெளிர் மால்ட்தான் மலிவு. ஆலைகள் வெளிர் மால்ட்டுக்குத் தாவின. விளைவு? பீர் வெளுத்துப்போயிற்று. நிறமில்லாத பீரை வாடிக்கையாளர் ஏற்கவில்லை. சிலர் கருக்கிய சர்க்கரையைக் கலந்தனர். வேறு கலப்படங்களும் நடந்தன. கடைசியில் 1817-ல் டேனியல் வீலர் என்பவர், உருளையில் இட்டுச் சுழற்றி மால்ட்டைக் கருக வறுக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். சர்க்கரைக்கு வெளிர் மால்ட், நிறத்துக்குச் சிறிதளவு கரு மால்ட் என்ற ஏற்பாடு பிறந்தது. இன்றைய பழுப்பு ஏலிலும் அடிப்படை வெளிர் மால்ட்தான். நிறமும் மணமும் தருபவை சிறிதளவு சேர்க்கும் வறுத்த மால்ட்டுகளே.

நுரையும் குமிழியும்

மீண்டும் கோப்பைக்கு வருவோம். மேலே நுரை நிற்கிறது. பழுப்பு ஏலில் அது வெண்மையாக இராது, வெண்பழுப்பாக இருக்கும். சோப்பு நுரை விரைவில் கரைகிறது. இந்நுரை சற்று நிலைத்து நிற்கிறது. பார்லியின் புரதங்களும் ஹாப்ஸின் கசப்புப் பொருள்களும் குமிழிச் சுவரில் படிந்து அதைத் தாங்குவதே காரணம்.

நுரை எவ்வளவு நேரம் நிற்கும்? மியூனிக் நகர இயற்பியலார் ஆர்ன்ட் லைக்கே இதை அளவுகோல் வைத்து அளந்து 2002-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார். கதிரியக்கப் பொருள் சிதைவதைப் போலவே நுரையின் உயரமும் அடுக்குக்குறி விதிப்படி குறைகிறது என்று காட்டினார். 4 சென்டிமீட்டர் நுரை இரண்டு நிமிடத்தில் 2 சென்டிமீட்டர் ஆனால், அடுத்த இரண்டு நிமிடத்தில் 1 சென்டிமீட்டர் ஆகும். அரை ஆயுட்காலம் பீருக்குப் பீர் வேறுபடும். சிரிக்கவும் பிறகு சிந்திக்கவும் வைக்கும் ஆய்வுகளுக்கு வழங்கும் ‘இக் நோபல்’ பரிசு அவ்வாண்டே அவருக்குக் கிடைத்தது.

குமிழிகளுக்குக் காரணம் கரைந்த கரியமில வாயு. அழுத்தம் கூடினால் திரவத்தில் கரையும் வாயுவும் அதே விகிதத்தில் கூடும் என்று 1803-ல் கண்டவர் மான்செஸ்டரைச் சேர்ந்த வில்லியம் ஹென்றி. வெப்பம் கூடினாலோ கரைதிறன் குறையும். சாதாரண வளிமண்டல அழுத்தத்தில், 0 டிகிரியில் ஒரு லிட்டர் நீர் ஏறத்தாழ 1.7 லிட்டர் கரியமில வாயுவைக் கரைத்துக்கொள்ளும். 20 டிகிரியில் 0.9 லிட்டரளவே. இங்கிலாந்தில் பீப்பாயிலிருந்து ஊற்றும் ஏலில் வாயு குறைவு. வெளிநாட்டார் அதைச் சப்பென்று இருப்பதாகக் குறை கூறுவதுண்டு. குறையன்று, அதுவே அதன் இலக்கணம். ஒன்றை மதிப்பிடும்போது, அது எதுவாக இருக்க வேண்டுமோ அதை வைத்தே மதிப்பிட வேண்டும். மல்லிகைக்குத் தாமரையின் அளவு இல்லை என்று குறை சொல்லலாமா?

மூக்கு அறியும் சுவை

சுவை என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி மணம். நம்பிக்கை இல்லையென்றால், மூக்கை இறுகப் பிடித்துக்கொண்டு சிறிது ஏலக்காய்ப் பொடி கலந்த சர்க்கரையை நாக்கில் வையுங்கள். இனிப்பு மட்டும் தெரியும். மூக்கை விட்டதும் ஏலக்காய் வந்து நிற்கும். வாயின் பின்புற வழியாக மணம் மூக்கை அடைவதே காரணம். மணங்களை உணர மூக்கில் ஏறக்குறைய 400 வகை ஏற்பிகள் இருக்கின்றன. இந்த ஏற்பிக் குடும்பத்தை 1991-ல் கண்டறிந்த லிண்டா பக், ரிச்சர்ட் ஆக்செல் ஆகிய இருவருக்கும் 2004-ல் நோபல் பரிசு கிடைத்தது.

மணம் மூக்கை அடைய வேண்டுமானால் மூலக்கூறுகள் ஆவியாக வேண்டும். குளிர்ந்தால் ஆவியாதல் குறையும். ஆகையால் பழுப்பு ஏலைப் பனிக்கட்டி போலக் குளிரவைத்துச் சுவைப்பதில்லை. நிலவறையின் வெப்பநிலையான சுமார் 12 டிகிரி செல்சியஸில் சுவைக்கிறார்கள். சுவைஞர் கோப்பையை மெல்லச் சுழற்றி இரண்டு மூன்று முறை குறுகலாக முகர்கிறார். நீண்ட நேரம் முகர்ந்தால் மூக்கு பழகிவிடும். மணம் இருந்தும் இல்லாதது போலாகிவிடும்.

அவர் எதிர்பார்ப்பவை: வாட்டிய ரொட்டி, காய்ச்சிய சர்க்கரைப் பாகு, வறுத்த பருப்பு, மெல்லிய பழ மணம். ஹாப்ஸின் மணம் அடங்கியே இருக்க வேண்டும். அவர் தேடுகிற குற்றங்களும் உண்டு. பச்சை ஆப்பிள் மணம் வீசினால் நொதித்தல் முற்றுப்பெறவில்லை என்று ஐயப்படுவார். வேகவைத்த முட்டைக்கோசு மணம் வந்தால் சாறு போதிய அளவு கொதிக்கவில்லை என்பார். நனைந்த அட்டையின் மணம் வந்தால் ஆக்சிஜன் பட்டுப் பழசாகிவிட்டது. வெண்ணெய் மணம் மட்டும் சிறிதளவு இருந்தால் இங்கிலாந்து ஏல்களில் பொறுத்துக்கொள்வார்கள்.

இன்னொரு குற்றம் நம் இயற்பியலுக்கு நெருக்கமானது. வெயிலில் வைத்த பீர் சில நிமிடங்களிலேயே நாற்றமெடுக்கக்கூடும். நீல, ஊதா ஒளியைப் பீரிலுள்ள ரைபோஃபிளேவின் என்னும் வைட்டமின் உறிஞ்சி, அவ்வாற்றலை ஹாப்ஸின் கசப்புப் பொருளுக்குக் கொடுக்கிறது. அது சிதைந்து, கந்தகம் கொண்ட ஒரு சேர்மம் உண்டாகிறது. ஒரு லிட்டரில் சில நானோகிராம் இருந்தாலே, அதாவது ஒரு கிராமில் நூறு கோடியில் சில பங்கு இருந்தாலே, மூக்கு அதைக் கண்டுகொள்ளும். பீர்ப் புட்டிகள் பெரும்பாலும் பழுப்பு நிறக் கண்ணாடியில் இருப்பதன் இரகசியம் இதுதான். அக்கண்ணாடி நீல ஒளியைத் தடுக்கிறது.

நாக்கும் எண்களும்

இனிப்பை நாக்கின் நுனியும் கசப்பை அடிநாக்கும் அறியும் என்று படம் போட்டுப் பாடப்புத்தகங்களில் காட்டுவதைப் பலர் பார்த்திருப்பீர்கள். அது சரியன்று. 1901-ல் ஜெர்மனியில் செய்த ஓர் ஆய்வைப் பிற்காலத்தில் தவறாக விளங்கிக்கொண்டதால் வந்த வினை அது. 1974-ல் வர்ஜீனியா காலிங்ஸ் மீண்டும் ஆராய்ந்து, இடத்துக்கு இடம் உள்ள வேறுபாடு மிகச் சிறிது என்று காட்டினார். சுவை மொட்டுகள் உள்ள இடமெல்லாம் எல்லாச் சுவைகளும் தெரியும்.

பழுப்பு ஏலில் முக்கியமானவை இரண்டு: இனிப்பும் கசப்பும். இவற்றை எண்ணால் சொல்ல வழி உண்டா? ஓரளவு உண்டு. நொதிக்கும் முன் சாற்றின் ஒப்படர்த்தி 1.045 என்றும், நொதித்து முடிந்தபின் 1.011 என்றும் நீரடர்த்திமானி காட்டுவதாகக் கொள்வோம். வேறுபாடு 0.034. இதை ஏறத்தாழ 131-ஆல் பெருக்கினால் கிடைக்கும் 4.5 என்பதே, கன அளவில் ஆல்கஹாலின் விழுக்காடு. 180 கிராம் குளுக்கோஸ் நொதித்தால் 92 கிராம் ஆல்கஹாலும் 88 கிராம் கரியமில வாயுவும் கிடைக்கும் என்னும் வேதிச் சமன்பாடு இக்கணக்கின் பின்னால் நிற்கிறது. ஆல்கஹால் நீரைவிட அடர்த்தி குறைந்தது, அப்படியிருந்தும் 1.011 என்று காட்டுகிறது என்றால், நொதிக்காமல் எஞ்சிய பொருள்கள் இருக்கின்றன என்று பொருள். வாயில் கனமும் நிறைவும் தருபவை அவையே.

எவ்வளவு எஞ்ச வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது வெப்பமானி. மால்ட்டை 63 டிகிரியில் ஊறவைத்தால் ஈஸ்ட் தின்னக்கூடிய சர்க்கரை மிகுதி, பீர் வறண்டிருக்கும். 69 டிகிரியில் ஊறவைத்தால் தின்ன முடியாத பெரிய மூலக்கூறுகள் மிகுதி, பீர் கனத்திருக்கும். ஆறு டிகிரி வேறுபாடு ஒரு பானத்தின் குணத்தையே மாற்றிவிடுகிறது. வெப்பத்துக்கும் வேலைக்கும் உள்ள உறவை அளந்த ஜேம்ஸ் ஜூல், சால்ஃபோர்டு நகரில் பீர் ஆலை நடத்திய குடும்பத்தில் 1818-ல் பிறந்தவர் என்பதை இங்கே நினைவுகூரலாம். மிக நுண்ணிய வெப்பநிலை வேறுபாடுகளை அளக்கும் அவருடைய திறமையில் ஆலைப் பழக்கத்துக்கும் பங்குண்டு என்று வரலாற்றாசிரியர்கள் கருதுகிறார்கள்.

கசப்பையும் எண்ணலாம். ஒரு லிட்டரில் ஹாப்ஸின் கசப்புப் பொருள் 1 மில்லிகிராம் இருந்தால் அது ஏறத்தாழ 1 கசப்பு அலகு. பழுப்பு ஏலுக்கு 20 முதல் 30 அலகு. ஆனால், இங்கேதான் சிக்கல் தொடங்குகிறது. 25 அலகு கசப்புள்ள இரண்டு பீர்களில் ஒன்று இனிப்பு மிகுந்ததாக இருந்தால், அதில் கசப்புக் குறைவாகத் தெரியும். கருவி இரண்டிலும் 25 என்றே காட்டும். நாக்கு அப்படிச் சொல்லாது. கருவி பொருளை அளக்கிறது. நாக்கு உறவை அளக்கிறது. பழுப்பு ஏலின் சிறப்பு இனிப்புக்கும் கசப்புக்கும் உள்ள சமநிலை. அதைச் சொல்ல இன்னும் நாக்குதான் வேண்டியிருக்கிறது.

போட்டிகளில் நடுவர்கள் மதிப்பெண் இடும் முறையும் இதையே காட்டுகிறது. பரவலாக வழங்கும் ஒரு முறையில் மொத்தம் 50 மதிப்பெண். மணத்துக்கு 12, தோற்றத்துக்கு 3, சுவைக்கு 20, வாய் உணர்வுக்கு 5, ஒட்டுமொத்த நிறைவுக்கு 10. கண்ணை முதலில் கவரும் தோற்றத்துக்கு மூன்றே மதிப்பெண்! நடுவர்கள் ஒரே சொல்லை ஒரே பொருளில் வழங்க வேண்டும் என்பதற்காக, 1970-களில் மார்டன் மைல்கார்டும் அவருடன் பணியாற்றியவர்களும் பீரின் மண, சுவைச் சொற்களைச் சக்கர வடிவில் தொகுத்தார்கள். நூற்றுக்கும் மேற்பட்ட சொற்கள் அதில் உண்டு. ‘நன்றாக இருக்கிறது’ என்பது அவற்றுள் ஒன்றன்று. அது விருப்பம், விவரம் அன்று.

ஏமாறும் கருவி

ஆனாலும் நாக்கு எளிதில் ஏமாறும் கருவி. 1964-ல் அமெரிக்காவில் அலிசன், ஊல் என்ற இருவர், பீர் குடிக்கும் பழக்கமுள்ள முந்நூற்றுக்கும் மேற்பட்டோரிடம் ஒரு சோதனை நடத்திய முடிவுகளை வெளியிட்டார்கள். பெயர்ச் சீட்டில்லாத புட்டிகளைக் கொடுத்தபோது, பெரும்பாலோர்க்குத் தாம் வழக்கமாக வாங்கும் பீர் எது என்றே அடையாளம் தெரியவில்லை. சீட்டை ஒட்டிக் கொடுத்ததும் தத்தம் பீருக்கு மதிப்பெண்ணை உயர்த்தினார்கள். புட்டிக்குள் இருந்தது மாறவில்லை, சீட்டுதான் சுவைத்தது!

கண்ணும் சும்மா இருப்பதில்லை. 2001-ல் வெளியான பிரெஞ்சு ஆய்வு ஒன்றில், வெள்ளைத் திராட்சை மதுவில் மணமற்ற சிவப்புச் சாயத்தைக் கலந்து, மதுவியல் பயிலும் 54 மாணவர்களிடம் கொடுத்தார்கள். அவர்கள் சிவப்பு மதுவுக்குரிய சொற்களாலேயே அதன் மணத்தை வருணித்தார்கள். பழுப்பு ஏலுக்கும் இந்த அபாயம் உண்டு. கருத்த பானத்தைக் கண்டதுமே ‘கனமானது, கசப்பானது’ என்று மனம் தீர்ப்பு எழுதிவிடுகிறது.

இன்னுமொரு சங்கடம். மின்னோட்டத்தை அளக்கும் அம்மீட்டர் சுற்றில் சேர்ந்ததும் மின்னோட்டத்தைச் சிறிது மாற்றிவிடும் என்று படித்திருக்கிறோம். இங்கே நிலைமை தலைகீழ்: அளக்கப்படும் பொருள் அளக்கும் கருவியைக் கெடுக்கிறது. ஆல்கஹால் உள்ளே போகப்போக, சுவைஞரின் புலன்களும் தீர்ப்பும் மங்குகின்றன. ஆகையால் ஒரு மிடறு, இடையில் நீர், உப்பில்லாத ரொட்டித் துண்டு, ஓர் அமர்வில் சில மாதிரிகளே என்று கட்டுப்பாடு வைத்திருக்கிறார்கள். நிறையக் குடிப்பவர் நல்ல சுவைஞர் ஆகிவிடமாட்டார்.

மூன்று கோப்பைச் சோதனை

ஏமாறும் கருவியை வைத்து உண்மையைக் காண்பது எப்படி? விடை புள்ளியியலில் இருந்தது.

டப்ளின் நகரின் கின்னஸ் ஆலையில் 1899-ல் வேலைக்குச் சேர்ந்த வில்லியம் காசெட், சில மாதிரிகளை மட்டும் கொண்டு முழுவதையும் பற்றி எவ்வளவு உறுதியாகப் பேசலாம் என்று ஆராய்ந்தார். 1908-ல் ‘ஸ்டூடண்ட்’ என்ற புனைபெயரில் வெளியிட்ட கட்டுரை, இன்று உலகெங்கும் கல்லூரிகளில் கற்பிக்கும் ‘டி’ சோதனைக்கு அடிப்படை. பாலை முதலில் ஊற்றினார்களா, தேநீரை முதலில் ஊற்றினார்களா என்று சுவைத்தே சொல்ல முடியும் என்ற ஒரு பெண்மணியின் கூற்றை எப்படிச் சோதிப்பது என்பதை ரொனால்டு ஃபிஷர் 1935-ல் தம் நூலில் விளக்கினார். எட்டுக் கோப்பைகளில் நான்கு ஒரு வகை, நான்கு மறு வகை. வெறும் ஊகத்தால் எட்டையும் சரியாகப் பிரிக்க 70-ல் ஒரு வாய்ப்பே உண்டு.

1940-களில் டென்மார்க்கின் கார்ல்ஸ்பெர்க் ஆலையில் பணியாற்றியவர்கள் இதைவிட எளிய முறை ஒன்றை வகுத்தார்கள். அதுவே மூன்று கோப்பைச் சோதனை. புதிய மால்ட்டில் செய்த பழுப்பு ஏல், பழையதிலிருந்து வேறுபடுகிறதா என்று அறிய வேண்டும் என்று கொள்வோம். ஒரே மாதிரியான மூன்று கோப்பைகள். இரண்டில் ஒன்று, மூன்றாவதில் மற்றொன்று. கோப்பையில் வெறும் எண் மட்டுமே இருக்கும். நிறம் காட்டிக்கொடுக்காதபடி கருநிறக் கோப்பையோ சிவப்பு விளக்கோ பயன்படுத்துவார்கள். “எது மாறுபட்டது?” இது ஒன்றே கேள்வி. எது நல்லது என்று கேட்பதில்லை.

ஊகித்தால் சரியாகச் சொல்ல மூன்றில் ஒரு வாய்ப்பு. 12 பேர் சுவைத்தால், ஊகத்தாலேயே 4 பேர் சரியாகச் சொல்லக்கூடும். 8 அல்லது அதற்கு மேற்பட்டோர் சரியாகச் சொன்னால்? ஈருறுப்புப் பரவலைக் கொண்டு கணக்கிட்டால், ஊகத்தால் மட்டும் அப்படி நேர 100-ல் 2 வாய்ப்புக்கும் குறைவு. ஆகவே வேறுபாடு உண்மை என்று ஏற்கலாம். 7 பேர் என்றால் அந்த வாய்ப்பு 100-ல் 6-க்கு மேல் போய்விடும். வழக்கமான 5 விழுக்காட்டு எல்லையைத் தாண்டிவிடுவதால் உறுதியாகச் சொல்ல இயலாது. ஒரே ஒரு நாக்கின் பேறுபெற்ற தீர்ப்பைவிட, பன்னிரண்டு சாதாரண நாக்குகளின் நேர்மையான எண்ணிக்கை நம்பத்தக்கது.

நீங்களும் செய்து பாருங்கள்

இதற்கு ஏலும் வேண்டாம், ஆலையும் வேண்டாம். தேநீர் போதும். ஒரு தேநீரில் டம்ளருக்கு இரண்டு கரண்டி சர்க்கரை; மற்றதில் இரண்டரை. இரண்டையும் ஒரே சூட்டில், ஒரே வகை டம்ளர்களில் ஊற்றுங்கள். முதலாவதை ‘அ’ என்றும் இரண்டாவதை ‘ஆ’ என்றும் கொண்டால், மூன்று டம்ளர்களை ஆறு வரிசைகளில் வைக்கலாம்: அஅஆ, அஆஅ, ஆஅஅ, ஆஆஅ, ஆஅஆ, அஆஆ. பன்னிரண்டு நண்பர்களுக்கு, ஒவ்வொரு வரிசையும் இருவருக்கு வருமாறு கொடுங்கள். ஒருவர் விடை மற்றவர் காதில் விழக்கூடாது. கொடுப்பவருக்கும் எது எது என்று தெரியாமலிருந்தால் இன்னும் நல்லது. முகக்குறிப்பும் காட்டிக்கொடுக்கும் அல்லவா? எட்டுப் பேர் கண்டுபிடித்தால் அரைக் கரண்டி வேறுபாடு உண்மையிலேயே தெரிகிறது என்று எழுதிக்கொள்ளுங்கள். பிறகு கால் கரண்டியாகக் குறைத்துப் பாருங்கள். உங்கள் குழுவின் நாக்கு எந்த எல்லை வரை வேலை செய்கிறது என்று தெரிந்துவிடும். ஒரு கருவியின் மிகச்சிறிய அளவைக் காண்பது என்று ஆய்வகத்தில் சொல்வது இதைத்தான்.

வாழ்க்கையில் பல இடங்களில் அளவுகோல் கிடைக்காது. விடைத்தாள் திருத்துவதும், பாட்டுப் போட்டிக்கு நடுவராக இருப்பதும், மருந்து தின்றபின் வலி குறைந்ததா என்று கேட்பதும் அத்தகையவை. அங்கெல்லாம் மனிதரின் உணர்வே கருவி. ‘இது ஆளுக்கு ஆள் வேறுபடும், அளக்க முடியாது’ என்று கைகழுவுவது எளிது. ‘எனக்குத் தெரியும், நான் சொல்வதே சரி’ என்பது அதைவிட எளிது. பெயரை மறைத்து, வரிசையைக் கலைத்து, ஒரே நிலையில் வைத்து, பலரைக் கேட்டு, எண்ணிப் பார்ப்பது மூன்றாவது வழி. அது சற்றுக் கடினம். ஆனால் விடைத்தாளில் பெயரை மறைத்து எண் போட்டு அனுப்புகிறார்களே, அந்த மாணவனுக்கும் ஆலைத் தொட்டியில் காத்திருக்கும் பழுப்பு ஏலுக்கும் நியாயம் கிடைப்பது அந்த ஒரே வழியில்தான்.